படகுக்கும் கறிக்கும் நடுவில்

எங்கள் மீனவர் சங்கத்தின் கணினிப் புரோகிராம் பிழை விட்ட அன்று கந்தோரில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் நான்தான். முகாமையாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சம்மாட்டி, மூன்று படகுக்குச் சொந்தக்காரர், மாதப் பட்டியலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்று சத்தம் போட்டார்.

"கடல்ல நண்டு நண்டா வந்தது. உங்கட தாளில என்ட படகு மாசம் முழுக்கக் கரையில நிண்டதெண்டு கிடக்கு. அப்ப நான் ஆரின்ட நண்டைப் பிடிச்சனான்?"

அவருக்குக் கதிரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவருடைய இரண்டு படகுகளுக்கு நேரே ஒன்றுமில்லை. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்தப் புரோகிராமை எழுதியவருக்கு ஒரு செய்தி அனுப்ப எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

காரணம் இல்லாமல் ஒரு ஆணுக்குச் செய்தி அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. முப்பத்துநாலு வயதாகியும் வரவில்லை. அவர் வெளிநாட்டுக்குப் போய் மூன்று வருசம். முதல் சில மாதங்கள் "புரோகிராம் எப்படி ஓடுது மிஸ்?" என்று கேட்டு அனுப்புவார். "நல்லா ஓடுது" என்று நான் போடுவேன். அது உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது, சனியன். பிறகு நத்தாருக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. பிறகு அதுவும் நின்றுபோனது. கலியாணம் கட்டிவிட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. போனில் அவருடைய படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு உயரமான கட்டடம் இருக்கிறது. அதில் எந்த ஜன்னலுக்குள் இருக்கிறார் என்று எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.

"மாசக் கடைசிக்குள்ள சரி வராட்டி உந்தப் புரோகிராமைக் கழட்டிப்போட்டுப் பழையபடி கொப்பியில எழுதுவம்" என்றார் முகாமையாளர். "செய்தவரிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ பிள்ளை. உங்களோட நல்ல மாதிரித்தானே இருந்தவர்."

மேலதிகாரியே சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்கு என் குணம்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் எங்கள் சங்கத்தில் இரண்டு வருசம் வேலை செய்தார். அவருக்கு ஊர் பெரியமடுவுக்கு அங்கால், குளமும் வயலும் உள்ள இடம். அவருடைய ஆட்கள் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் கடலில் கால் நனைத்ததில்லை. எங்கள் கந்தோரில் எல்லாரும் "வாங்கோ, இருங்கோ" என்று இழுப்போம். அவர் "வாங்க, இருங்க" என்று பட்டென்று முடிப்பார். அந்த வெட்டு எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பஸ்ஸிலும் சந்தையிலும் யாராவது அப்படிப் பேசினால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

வந்த முதல் நாள், என்னைவிட இரண்டு வயது குறைந்தவர் என்று அவருடைய வேலைக் கோவையில் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் கதிரையில இருங்கோ" என்றேன். வாய்தவறி அல்ல, மரியாதையாகத்தான் சொன்னேன். ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாமல் தவித்தேன். தம்பி என்று கூப்பிட மனம் வரவில்லை, பெயர் சொல்லக் கூச்சம், சேர் என்றால் கந்தோரே சிரிக்கும். கடைசியில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே ஒன்றரை வருசம் ஓட்டினேன். "இஞ்ச பாருங்கோ", "கேட்டதோ", "ஒரு விசயம்" என்று தொடங்குவேன். அவர் போகும்வரை என்னை மிஸ் என்றே கூப்பிட்டார்.

கந்தோர் வேலை இதுதான். காலையில் படகுகள் கரைக்கு வரும்போது சங்கத்தின் கணக்கு எழுத்தாளர் அங்கே தராசோடு நிற்பார். படகுக்கு ஒரு வரி எழுதுவார். முதலில் படகின் இலக்கம், பிறகு சூடை இத்தனை கிலோ, பாரை இத்தனை கிலோ, கணவாய் இத்தனை கிலோ என்று வந்தது எல்லாம். அந்த வரிகள் எனக்குப் போனில் வரும். நான் கணினியில் ஏற்றுவேன். புரோகிராம் கூட்டிப் பிரித்து, மாத முடிவில் எந்தப் படகு என்ன பிடித்தது என்று பட்டியல் போடும்.

புரோகிராமை எழுதுவதற்கு முன் கரையைப் பார்க்கவேண்டும் என்றார். ஒரு நாள் விடியக் கூட்டிக்கொண்டு போனேன். படகு ஒதுங்கியதும், தராசு வைப்பதற்கு முன், ஆட்கள் ஆளுக்கொரு பையில் மீனை அள்ளிப் போட்டார்கள். இவர் என் பக்கம் குனிந்து, மிகவும் கவலையோடு, "மிஸ், களவா எடுக்கிறாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணலில் இருந்தே சிரித்தேன். பிறகு விளங்கப்படுத்தினேன். அது கறிக்கு எடுக்கிற மீன். கடலுக்குப் போன ஒவ்வொருவரும் வீட்டுச் சட்டிக்கு எடுத்த பிறகுதான் மிச்சம் தராசுக்கு வரும். அதை ஒருவரும் நிறுக்க மாட்டார்கள், எவ்வளவு என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் அசிங்கம். எழுத்தாளர் வரியின் கடைசியில் 'கறி' என்று ஒரு சொல்லை மட்டும் போடுவார். கறிக்கு எடுத்தாயிற்று, இந்தப் படகின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அவர் கொப்பியில் குறித்துக்கொண்டு கேட்டார். "எப்பவுமே கடைசியில கறின்னு வருமா மிஸ்?"

"எப்பவும்."

"ஒரு நாளும் வராம போகாதா?"

"கறி எடுக்காமல் வாற படகு மன்னாரில இல்லை. எழுதுங்கோ."

எல்லாப் படகையும் நானே தள்ளிவிட்ட மாதிரி ஒரு பெருமை எனக்கு. கடல் தெரியாத ஒருவருக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்கிற பெருமை. அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு எழுதினார்.

சம்மாட்டி போன பிறகு அந்தப் புரோகிராமைத் திறந்தேன். பைதன் என்கிற மொழியில் எழுதியிருந்தார். எனக்காக உள்ளே இருக்கும் பெயர்களையெல்லாம் தமிழில் வைத்திருந்தார். அதனால் பாதியை வாசிக்க முடிந்தது. பிழை இருக்கவேண்டிய இடம் என்று நான் கண்டுபிடித்த வரி இது:

படகு, *மீன், கறி = வரி

மீனுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம். எனக்குத் தெரிந்த நட்சத்திரம் பெருக்கல் மட்டும்தான். கணக்குத் தாள்களில் கிலோவையும் விலையையும் அதைப் போட்டுத்தான் பெருக்குவோம். ஆகவே இங்கே மீனை எதோடோ பெருக்குகிறார் என்று நினைத்து, எதோடு என்று இரண்டு நாள் தேடினேன். பக்கத்தில் கமாதான் இருந்தது. கமாவோடு மீனைப் பெருக்குகிற புத்திசாலி அவர் இல்லை என்று மட்டும் தெரியும்.

இந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். "அந்த நட்சத்திரம் என்ன?" என்று அடித்தும் பார்த்தேன். வாசித்தால் நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. மூன்று வருசத்துக்குப் பிறகு எழுதுகிறேன், இப்படியா எழுதுவது? என் குணம் என்று சொன்னேனே, அது இதுதான். அவருக்கு முன்னால் மொக்காகத் தெரியக்கூடாது. கொஞ்சம் படித்துவிட்டு, பாதி விளங்கிய ஆள் கேட்கிற மாதிரி ஒரு நல்ல கேள்வி கேட்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். கேள்வியை அழகாக்கப் போய்த்தான் வினை வந்தது.

இணையத்தில் தேடினேன். எல்லாம் இங்கிலீசில், ஆப்பிளும் வாழைப்பழமும் வைத்து விளக்கியிருந்தார்கள். ஒரு வீடியோவில் ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் ஒரு விசயம் பிடிபட்டது. சமன் குறிக்கு வலப்பக்கம் இருப்பது ஒரு பொதி. அதை அவிழ்த்து, உள்ளே உள்ளவற்றை இடப்பக்கம் நிற்கும் பெயர்களுக்கு வரிசையாகக் கொடுக்கிறார்கள். முதல் சாமான் முதல் பெயருக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. சரி. ஆனால் இடப்பக்கம் மூன்று பெயர்தான் நிற்கிறது. எங்கள் வரியிலோ சில நாள் ஐந்து சாமான், சில நாள் எட்டு. மிச்சத்தை யார் வாங்குவது?

அடுத்த நாள் முகாமையாளர் சாப்பிடப் போன நேரம், கணினியில் அந்த மொழியை எழுதிப் பார்க்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து, பஸ் போகிற ஊர்களை அடித்தேன். இடப்பக்கம் 'தொடக்கம், *நடு, முடிவு' என்று போட்டேன். வலப்பக்கம் மன்னார், தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன், மடு என்று போட்டேன். தொடக்கம் எது என்று கேட்டேன். மன்னார் என்றது. முடிவு, மடு என்றது. நடு எது என்று கேட்டதும் தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் மூன்றையும் ஒரு கூட்டுக்குள் சேர்த்துக் காட்டியது.

அதுதான் நட்சத்திரம். முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கிறவர்கள் ஒவ்வொன்றை எடுத்த பிறகு, இடையில் எத்தனை இருந்தாலும் அவ்வளவையும் அள்ளிக்கொள்கிற ஆள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வேலியோரம் நின்ற கழுதைகளைத் தவிர அதைப் பார்க்க ஆளில்லை.

பிறகு சும்மா, ஊர்களைக் குறைத்து மன்னார், மடு என்று இரண்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். பிழை என்று கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொடக்கம் மன்னார், முடிவு மடு, நடுவில் வெறும் கூடு. உள்ளே ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கந்தோருக்கு வந்த முதல் நாளும், கடைசி நாள் நான் தலை நிமிராமல் "போயிட்டு வாங்கோ" என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. நடுவில் இருந்த இரண்டு வருசத்தில் அவரிடம் ஒரு வார்த்தை உருப்படியாகச் சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நண்டுப் படகின் வரியை எடுத்தேன். படகின் இலக்கம், நண்டு பன்னிரண்டு கிலோ. அவ்வளவுதான். இரண்டே இரண்டு சாமான். கடைசியில் கறி இல்லை. புரோகிராம் என்ன செய்யும்? இலக்கத்தைப் படகு எடுத்துக்கொள்ளும். கடைசியில் நிற்பதைக் கறி எடுத்துக்கொள்ளும். கடைசியில் நின்றது நண்டு. கறியை நாங்கள் எண்ணுவதில்லை. மாதம் முழுக்க அந்த மனிசன் பிடித்த நண்டெல்லாம், ஒருவரும் எவ்வளவு என்று கேட்காத அந்தப் பைக்குள் போயிருக்கிறது.

சம்மாட்டிக்குப் போன் எடுத்தேன். "உங்கட படகில கறிக்கு எடுக்கிறதில்லையோ?"

"நண்டுப் படகில ஆர் பிள்ளை கறி எடுக்கிறது? அது வெளிநாட்டுக்குப் போற சாமான். எண்ணித்தான் குடுக்கோணும். நாங்கள் பின்னேரம் சந்தையில சூடை வாங்கித்தான் சமைக்கிறம்."

போனை வைத்தேன். கடலுக்குப் போன ஆட்கள் சந்தையில் மீன் வாங்குகிறார்கள். கறி எடுக்காத படகு என் ஊருக்கே வந்துவிட்டது. ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கதிரையில் இருந்த எனக்குத் தெரியவில்லை. பிழை அவருடையது இல்லை. கடல் தெரியாத மனிசன் இரண்டு தடவை கேட்டார். கடற்கரையில் பிறந்த நான்தான் இரண்டு தடவையும் அடித்துச் சொன்னேன்.

திருத்துவது பத்து நிமிச வேலையாக இருந்தது. இடப்பக்கக் கடைசியில் நின்ற கறியை எடுத்துவிட்டேன். இப்போது முதலாவது படகுக்கு, மிச்சம் எல்லாம் மீனுக்கு. அந்த மிச்சத்துக்குள் 'கறி' என்ற சொல் இருந்தால் அதை மட்டும் தூக்கிவிடு என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். சம்மாட்டியின் படகுகளுக்கு நேரே நண்டு வந்து நின்றது. மற்றப் படகுகளின் கணக்கிலும் பிழை வரவில்லை.

முகாமையாளர் பார்த்துவிட்டு, "அவரிட்டக் கேட்டனீங்களோ?" என்றார்.

"இல்லை. நானே பாத்தனான்."

"கெட்டிக்காரி" என்று சொல்லி, ஆளனுப்பி வடை வாங்கிப் பரிமாறினார். எல்லாரும் தின்றார்கள். நானும் ஒன்றைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது. அவரிடம் கேட்க என்னிடம் இனி ஒன்றுமில்லை. மூன்று வருசம் காத்திருந்து கிடைத்த ஒரு காரணத்தை நானே உட்கார்ந்து திருத்திவிட்டேன். வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

அடுத்த கிழமை முழுக்கப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு பிழை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தார். கோபம் வந்தது. யாரோடு என்று தெரியாத கோபம். வீட்டில் அம்மாவோடு எரிந்து விழுந்தேன். கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அந்தக் கட்டடத்தின் ஜன்னல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. எனக்கு அந்த மனிசனோடு பேசவேண்டும். அவ்வளவுதான் விசயம். அதற்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

பொய் சொல்வது என்று முடிவெடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கந்தோரில் ஆள் குறைந்த நேரம், இப்படி எழுதினேன். "சுகமா இருக்கிறீங்களோ? ஒரு சின்ன உதவி. நீங்கள் எழுதின இந்த வரியில நட்சத்திரம் ஏன் நிக்குது எண்டு எனக்கு விளங்கேல்லை. நேரம் இருந்தால் சொல்லுங்கோ." கணினியில் இருந்து வரியை எடுத்துக் கீழே ஒட்டி, சிலுவை போட்டுக்கொண்டு அனுப்பினேன்.

ஒரு மணித்தியாலம் போனது. பதில் வந்தது.

"நல்லா இருக்கேன் மிஸ். ஆனா இது நான் எழுதின வரி இல்லையே. என்னோட வரியில கடைசியா கறி நிக்கும். இதில இல்ல. ஆனா இதுதான் சரி. யாரோ நல்லா விளங்கித்தான் மாத்தியிருக்காங்க. யார் மாத்தினது?"

நான் அனுப்பியதைப் பார்த்தேன். அவருடைய பழைய வரியை அனுப்பவில்லை. நான் திருத்திய வரியை, என் கையால் எழுதியதை, விளங்கவில்லை என்று அவருக்கு அனுப்பியிருக்கிறேன். காது வரை சூடேறியது. புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கு என்று அடித்தேன். அழித்தேன். சங்கத்தில் யாரோ என்று அடித்தேன். அதையும் அழித்தேன். ஒரு பொய்யே இந்த லட்சணத்தில் போனது, இரண்டாவதைத் தாங்க எனக்குப் பலமில்லை.

"நான்தான்" என்று போட்டேன்.

"அப்ப உங்களுக்கு விளங்கிட்டுதானே மிஸ். பிறகு ஏன் கேட்டீங்க?"

யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். யோசிக்கவில்லை. "உங்கட குரலைக் கேக்கோணும் போல இருந்தது. வேற ஒரு காரணமும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். முகாமையாளர் வந்து முத்திரையைக் கேட்டார். மையை எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு தடவை வந்து முத்திரை எங்கே என்று கேட்டார்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. நாலு நிமிசம்.

கந்தோருக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, காதோடு வைத்தேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்தது. மற்றக் காதை விரலால் பொத்திக்கொண்டேன்.

"சரி மிஸ்" என்றார். பட்டென்று முடிகிற அதே பேச்சு. "முதல்ல இருந்து சொல்றேன். ஒரு வரி இருக்குன்னு வைங்க. அதை அவிழ்க்கிறோம். முன்னுக்கு நிக்கிறது படகு. அது ஒண்ணைத்தான் எடுக்கும். அதுக்குப் பிறகு எத்தினை இருந்தாலும் நட்சத்திரம் எடுத்துக்கும். ஒண்ணுமே இல்லாட்டியும் பரவாயில்ல மிஸ், வெறுங்கையா நிக்கும், கோவிக்காது." ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, உதாரணம் வைத்து, நான் முதல் தடவை கேட்கிற ஆள் மாதிரியே சொன்னார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னார். வேறு ஒரு சொல் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் குரல் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி தொடங்கினார். நாலு நிமிசமும் கண்ணீர் வழிய நின்று கேட்டேன்.

கடைசியில், "அவ்வளவுதான் மிஸ். விளங்கிச்சா?" என்றார்.

"இல்லை" என்று எழுதினேன். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."